பதிவில்லாத குடித்தனம்

குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள்
ரிஸ்மினா, வெள்ளவத்தை ஆய்வுகூடத்தில்.
சிவப்பு அடியில் இறங்கிவிட்டது.
மேலே நின்றது தெளிவாய் இல்லை.
முதற்பால். தேங்காய் பிழிந்த முதற்பால்.
"சாப்பிட்டுட்டா வந்தீங்க, அன்ட்டி?"
இல்லை, பிள்ளை. பதின்மூன்று மணித்தியாலம்
பச்சைத் தண்ணி மட்டும்.

ட்ரைகிளிசரைட் நானூற்று எண்பத்தாறு.
எடை எண்பத்தொன்று.

தேவமலர் நாற்பத்தேழு கிலோ.
ஒரே அறை, ஒரே அடுப்பு, பதினெட்டு வருஷம்.
வெள்ளி இரவு கொத்து ரொட்டிப் பார்சலில்
ஆளுக்குப் பாதி.
சில நாள் என் பாதியிலும் அவளுடைய கரண்டி நுழையும்.
அவள் கழுத்தெலும்பில் மழைத்தண்ணி தேங்கும்.
எனக்குக் கழுத்தே இல்லை என்பார்கள் கந்தோரில்,
நான் லெட்ஜரைத் திருப்பும்போது, மெதுவாக.

வாயைக் கட்டு என்றார்கள்.
கட்டினேன்.
வாய் கட்டுப்பட்டது.

பொரளையில் டொக்டர் இனோக்கா வேறொன்று சொன்னார்,
பாதி சிங்களம், பாதி கையசைவு:
உள்ளே குடியிருக்கிறார்கள்.
கோடி இல்லை, கோடி கோடி.
நீ செரிக்காமல் விட்ட நாரையும் புளிக்கவைத்து
அதில் இன்னொரு கவளம் பிழிந்து
உன் பெயரில் வரவு வைப்பவை சில.
பித்தநீரை உருமாற்றி
ஈரலுக்கு வேறு செய்தி அனுப்புபவை சில.
உன் சிநேகிதிக்குள் இருப்பது வேறு கூட்டம்.

குடியிருப்பு என்றால் என்னவென்று
எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
தொண்ணூற்றாறில், கொட்டாஞ்சேனை லொட்ஜில்,
நான் ஒரு படிவத்தின் ஏழாவது வரி.
பெயர். வந்த ஊர். வந்த காரணம். எப்போது போவாய்.
முத்திரை விழாத இரவுகளில்
செருப்பைக் கழற்றாமல் படுத்தேன்.
அப்போதும் இவ்வளவு பேர் என்னோடு இருந்திருக்கிறார்கள்,
ஒருவருக்கும் பதிவில்லை,
ஒருவருடைய கதவையும் எவரும் தட்டவில்லை.

தட்டினேன், நான்தான்.
சளிக்கும் பல்வலிக்கும் சீட்டில்லாமல்
பாமசியில் வாங்கி விழுங்கிய அன்டிபயோட்டிக்,
ஐந்து ஐந்து நாளாய், எத்தனை சுற்றிவளைப்பு.
யார் பிடிபட்டார்கள், யார் திரும்பி வரவில்லை,
பட்டியல் கிடையாது.

ஆராய்ச்சிக்கு மாதிரி கேட்டார்கள்.
காலை ஏழுக்கு நூற்றைம்பத்து நாலாம் இலக்க பஸ்,
மடியில் ஐஸ்கட்டி போட்ட பெட்டி.
பக்கத்து மனிதர் மூடியைப் பார்த்தார்.
"மாளுத?"
ஓம், மீன்தான் என்று தலையாட்டினேன்.
தும்முல்லைச் சந்தி வந்ததும்
கை தானாகவே பையின் சிப்பைத் திறந்தது.
சாவடி இல்லை. பூச்சாடிகள்.
இருந்து, திறக்கச் சொல்லியிருந்தால்
என்ன சொல்லியிருப்பேன்?
ஐயா, இவர்கள் என்னோடு தங்கியிருப்பவர்கள்.
நான் பிணை.

எல்லாப் பழியையும் அவற்றின்மேல் போடாதே
என்றார் டொக்டர்.
ஒரு பங்குதான். மிச்சம் உன் இரத்த வழி,
உன் கதிரை, உன் கொத்து ரொட்டி.
எந்தப் பங்கு எவ்வளவு என்று
எங்களுக்கே இன்னும் கணக்குச் சரிவரவில்லை.

சரிவராத கணக்கோடு இருபத்தாறு வருஷம்
புறக்கோட்டை இரும்புக் கடையில் இருந்தவள் நான்.
அது பரவாயில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க தேவமலரின் இரத்தமும் எடுத்தார்கள்.
சீட்டு வெள்ளிக்கிழமை வந்தது:
கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
அந்த எலும்புக்குள்ளா.
இரண்டு தரம் வாசித்தாள்.
கட்டிலில் இருந்து சிரிக்கத் தொடங்கினாள்,
நானும், கதவைப் பக்கத்து வீடு தட்டும்வரை.

அன்று பார்சல் இல்லை.
கங்குன், தவிட்டோடு அரிசி,
ஒரு சட்டியில் கடலை ஊறவைத்தோம்.
விளக்கணைத்த பிறகு என் வயிறு இரைந்தது,
கரையோர ரயில்போல, நீளமாய்.
இருட்டில் அவள் கேட்டாள்:
"என்னவாம்?"
சாப்பாடு மாறிப்போச்சாம், என்றேன்.
கேக்கினம்.