மரம் இருந்த இடத்திலிருந்து

மனாகுவாவில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது.
வழி கேட்டால்
"மரம் இருந்த இடத்திலிருந்து
ஏரிப் பக்கம் இரண்டு தெரு" என்பார்கள்.
மரம் இல்லை.
பூகம்பம் தின்றது என்பார் சிலர்,
அதற்கு முன்பே யாரோ விறகுக்கு வெட்டியதாகச் சிலர்.
அங்கேதான் திருப்புவேன் வண்டியை, பள்ளிக்கு.

பழைய மஞ்சள் பஸ். இரண்டாம் கியர் விழாது.
நாற்பது பிள்ளைகள்; ஒன்றுக்கும் காது கேட்காது.
அதனால் ஒரு வசதி,
முன்னால் போகும் குதிரை வண்டிக்காரனை
வாய்விட்டு வைதுகொண்டே ஓட்டலாம்.

பள்ளியில் உதடு படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.
தன் தொண்டையில் பிள்ளையின் கையை வைத்துக்கொண்டு
பான், பான் என்பாள் டீச்சர்.
ரொட்டி என்று அர்த்தம்.
பிள்ளைகள் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் வருஷம் பின்கண்ணாடியில் தெரிந்ததெல்லாம்
வெறும் கைகள்.
அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜாடை:
ஒருத்தியின் அம்மாவுக்கு மட்டும் புரிகிற தண்ணீர்,
ஒருவனின் அக்காவுக்கு மட்டும் புரிகிற பசி.
சந்தை நாளில் கூடைகள் போல
முட்டி மோதிச் சிந்திக்கொண்டு வந்தன.

எந்த நாளில் அது மாறியது, தெரியாது.
மழைக்காலம் முடிந்திருந்தது.
கடைசி இருக்கையில் யஹோஸ்கா எதையோ சொல்ல
நாற்பதும் ஒரே நொடியில் சிரித்தன.
நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

அடுத்து நோர்வின் எழுந்தான்.
வலது காது மடலை இரு விரலால் கிள்ளினான்,
காற்றில் ஒரு ஸ்டியரிங்கைத் திருப்பினான்,
கன்னம் உப்ப, சத்தமே இல்லாமல் வைதான்.

என் வலது காதில் பாதி கிடையாது.
சண்டையில் போனது என்று ஊருக்குச் சொல்வேன்.
கழுதை கடித்தது.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எலியோதோரோ.
இந்த வண்டிக்குள் நான்
காது.
எத்தனை மாதமாக என் முதுகுக்குப் பின்னால்
என்னைப் பேசியிருக்கிறார்கள்!
கோபமில்லை. கூச்சமாக இருந்தது.
காலரைச் சரிசெய்துகொண்டேன்.

மார்ச்சில் வந்து ஏறியது தாமாரிஸ்,
ஐந்து வயது, பல் விழுந்த வாய்.
ஒரு வாரம் ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே இருந்தது.
பிறகு பேசியது பார், பெரியதுகளே
"மெதுவாக, மெதுவாக" என்று கையமர்த்தும்படி.
அவர்கள் மூன்று அசைவில் சொன்னதை
மணிக்கட்டின் ஒரே சுழற்சியில் முடித்துவிடும்.

அன்றைக்கு வளைவு வந்தது.
தாமாரிஸ் முழங்கையை ஊன்றி
முன்கையை நிமிர்த்தியது, விரல்களை விரித்தது.
காற்றில் கொஞ்சம் ஆட்டியது.
பிறகு அதை அப்படியே
தோளுக்குப் பின்னால் எறிந்தது.

வெளியே வெறும் புழுதி, ஒரு சோடா கடை.
நாற்பது முகமும் அந்தப் பக்கம் திரும்பி
அண்ணாந்து பார்த்தன.

அவள் பிறந்ததே பூகம்பத்துக்குப் பிறகு.
யார் சொன்னது அவளுக்கு? நோர்வினா?
நோர்வினுக்கு யார்?

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.
கிளை உரசாதபடி
கொஞ்சம் ஒதுக்கித் திருப்பினேன்
வண்டியை.