ஒத்திவைக்கப்பட்டவை

திருத்துறைப்பூண்டி. உரக்கடை மாடி.
யூரியா நெடி படியேறி வரும் அறையில்
உழவர் கம்பெனியின் ஒரே கம்ப்யூட்டர் ஆள் நான்.
சர்வர் மும்பையிலோ எங்கோ இருக்கிறது.
பார்த்ததில்லை. மாதம் அறுநூறு ரூபாய்
வாடகை மட்டும் தெரியும்.

தை கடைசி, திங்கட்கிழமை,
மெயில் நின்றுபோனது.

கொள்முதல் டோக்கன்:
யாருக்கு எந்த நாள், எத்தனை மூட்டை.
மெயில் விவசாயிக்குப் போவதில்லை.
சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு,
திருப்பூரில் இருக்கும் மருமகனுக்கு.
அவர்கள் போன் போட்டு அப்பாவிடம் சொல்வார்கள்.
சுற்றுவழிதான்.
ஆனாலும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

லாக்கைத் திறந்தேன்.
ஒத்திவைக்கப்பட்டது. இணைப்பு கிடைக்கவில்லை.
ஒத்திவைக்கப்பட்டது. இணைப்பு கிடைக்கவில்லை.
கோர்ட்டு வாய்தா மாதிரி பக்கம் பக்கமாக.

இருபத்தைந்தாம் போர்ட்டை அடைத்துவிட்டார்களாம்.
கேட்டால்
'பாதுகாப்புக்காக, சார்' என்று பதில்.
ஜெசிந்தா என்று கையெழுத்துப் போட்டுத்தான் கேட்டிருந்தேன்.

ஐந்நூற்று எண்பத்தேழு வழியாக,
இன்னொருவர் ரிலேயில் ஏறிப் போ என்றார்கள்.
போனேன். பாஸ்வேர்டு தவறு.
பாஸ்வேர்டு சரியானது. பெயர் தவறு:
என் சர்வர் இத்தனை வருஷமும்
எவர் வாசலில் நின்றாலும்
'நான்தான் லோக்கல்ஹோஸ்ட்' என்றே
வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது,
ஊர் பேர் சொல்லாமல் பெண் கேட்கப் போனவன் போல.

பிறகு டிஎன்எஸ்.
இந்த முகவரியின் சார்பில் இவர்கள் அனுப்பலாம்
என்று ஒரே ஒரு வரி.
வாட்ஸப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன்.
மேற்கோள் குறி வளைந்து வந்துவிட்டது.
அந்த வளைவைக் கண்டுபிடிக்க
புதன்கிழமை முழுக்கப் போனது.

எனக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பினேன்.
லாட்டரிக்கும் முடி வளரும் தைலத்துக்கும் நடுவே
என் ஸ்பேமில் கிடந்தது.
தூசி தட்டி எடுப்பதுபோல் எடுத்தேன்.
மறுபடி குறியைத் திருத்தி, கையொப்பச் சாவி மாற்றி,
மறுபடி.

வியாழன் இரவு பத்தே முக்கால்.
இன்பாக்ஸ்.

வரிசையில் ஆயிரத்து நூற்று நாற்பது நின்றன.
ஐந்து நாள் ஆனால் சர்வரே திருப்பி அனுப்பிவிடும்.
நாளைக்கு ஐந்தாம் நாள்.
எல்லாவற்றையும் தள்ளிவிட ஒரு சின்ன ஆணை உண்டு.
அடித்தேன்.
சென்றது, சென்றது, சென்றது
என்று திரை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே
ஆறிய பரோட்டாவைத் தின்றேன்.
அப்படி ஒரு தூக்கம் எனக்கு அந்த வாரம் வரவில்லை.

காலையில் எடையூர் கொள்முதல் நிலைய வாசலில்
பத்தொன்பது டிராக்டர்.

இடும்பாவனம் உத்திராபதி
அறுபத்திரண்டு மூட்டையோடு முதலில் நின்றார்.
மகள் விடியற்காலையில் கூப்பிட்டாளாம்:
நாளை காலை பத்து மணி, டோக்கன் நாற்பத்தொன்று.
நேற்று ராத்திரி வந்த மெயில்,
நாளை என்றால் இன்றுதானே?

திங்கட்கிழமை நான் எழுதிய 'நாளை'.
அது செவ்வாய். வரிசையில் நின்றே
மூன்று நாள் வயசாகியிருந்தது அதற்கு.
மேலே பொடி எழுத்தில் தேதி இருக்கிறது.
யார் பார்க்கிறார்கள்?

பருவம் தப்பிய தூறல்.
தார்ப்பாய் பாதி மூட்டைக்குத்தான் எட்டியது.
எழுத்தர் கருவியை நெல்லுக்குள் குத்தினார்.
இருபத்தொன்று.
காயப்போட்டுக் கொண்டா என்றார்.
டிராக்டர்க்காரன் வாடகை மணியைப் பார்த்தான்.

உத்திராபதி என்னைத் திட்டவில்லை.
போனை நீட்டிக் கேட்டார்:
'அனுப்பினதத் திரும்ப வாங்கிக்க முடியாதாம்மா?'
முடியாது என்றேன்.
'ஓ' என்றார்.
தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்.
பிடித்தேன், மதியம் வரை.

இப்போது மென்பொருளில் 'நாளை' கிடையாது.
கிழமை, தேதி, மாதம்.
வரிசையைத் திறந்துவிடுவதற்கு முன்
எதெது நிற்கிறதென்று ஒவ்வொன்றாகப் படிக்கிறேன்.

அன்று ஒன்று மட்டும் போகாமல் மிஞ்சியது.
வைரக்கண்ணுவின் மகன் முகவரி.
ஜிமெயிலை ஜிமியல் என்று பதிந்திருக்கிறேன்.
பயந்துபோய் அவர் வீட்டுக்கே போனேன்.

செவ்வாய்க்கிழமையே போட்டாச்சே என்றார்.
மெயில் வந்ததா?
என்ன மெயில்? அந்தப் பக்கம் சைக்கிளில் போனேன்,
போர்டில் எழுதியிருந்தது.