நிறுவப்பட்ட இடம்

ஐயா, நீங்கள் தந்த நிவாரணப் படிவத்தில்
நான்காம் கட்டம் தீப்பெட்டி அகலம்தான்.
'மடம் நிறுவப்பட்ட இடம், சர்வே எண்.'

படகுத்துறையில் நின்று பாருங்கள்.
அதோ, நீர்க்காகம் முங்கி எழுகிறதே,
அதற்கும் அப்பால், சுழல் திரும்பும் இடம்.
அங்கேதான் யதுமணி ஆதா
நான்கு மூங்கில் ஊன்றி, மேலே வைக்கோல் போட்டு
நாமம் சொல்ல உட்கார்ந்தார்.
அரசர் தந்த செப்பேட்டில் எல்லை இருக்கிறது:
கிழக்கே பாக்குத் தோப்பு, மேற்கே குயவர் பள்ளம்,
வடக்கே யானை இறங்கும் தடம், தெற்கே லுயித்.
நான்கில் தெற்கு மட்டும்
சொன்ன இடத்தில் நிற்கவில்லை.

ஐந்தாம் கட்டம்: 'தலைவர்கள், வரிசைப்படி.'
ஒன்பது கோடு அச்சடித்திருக்கிறீர்கள்.
எங்களில் யாருக்கும் பிள்ளை கிடையாது;
ஆனாலும் வம்சம் உண்டு.
என்னை ஐந்து வயதில் இங்கே விட்டார்கள்,
ஒரு கன்றுக்குட்டியோடு.
கன்று மூன்றாம் நாள் வீட்டுக்கு ஓடிவிட்டது.

யதுமணி.
அடுத்து பனமாலி.
பிறகு கமலோசன், பாடினால் அக்கரைக்குக் கேட்குமாம்;
அக்கரை அப்போது பக்கம்.
ரமாகாந்த், ஒரே மழைக்காலம், காலரா.
ஹலிதர், அபினியை விட்டவர்,
விட்டதை மறுபடி பிடித்தவர்.

இதற்கு அடுத்து, பட்டை ஏட்டில்
கடுக்காய் மையால் அடித்து அடித்து
ஒரு கறுப்புத் திட்டு.
காலை வெயிலில் சாய்த்துப் பிடித்தால்
எழுத்தாணிப் பள்ளம் தெரியும்: திதேஸ்வர்.

மீன்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்.
வெள்ளை வேட்டியை மடித்துப் படியில் வைத்துவிட்டு
வெளியே போனார். ஏடு இதையும் சொல்லவில்லை,
அதற்குப் பின் வந்ததையும் சொல்லவில்லை.
எதிர்க்கரை மீனவர்கள் சொல்கிறார்கள்,
அவர்கள் பேச்சில் பாதி எப்போதும் வலைதான்:

கரை உடைந்த ராத்திரி
ஏடுகளைத் தலையில் வைத்துக்கொண்டு
இடுப்பளவு நீரில் நின்றார்களாம் எல்லோரும்.
பெருமுரசு ஒன்று தானாக மிதந்துபோய்
மரத்தில் மோதி மோதி ஒலித்ததாம்.
அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு
ஒரே ஒரு படகு வந்தது. துடுப்பு திதேஸ்வர் கையில்.
யதுமணி ஏற்றிய நாள் முதல் அணையாத விளக்கை
அவர் மனைவி வாங்கிக்கொண்டாள்,
மீன் கூடையைக் கவிழ்த்து மூடி
முழங்கால் இடுக்கில் வைத்து, விடியும்வரை.

பெண் கால் படாத கருவறை எங்களுடையது.
அன்று கருவறையே அவள் மடியில் வந்தது.
அவள் பெயர் மீனவர்களுக்கும் தெரியவில்லை.
கேட்டேன். ரூபஹி என்றார் ஒருவர்,
இல்லை அது அவள் தங்கை என்றார் இன்னொருவர்.

இரண்டாம் இடத்தில் முகுந்த, நரோத்தம்.
பூமி குலுங்கி ஆற்றின் அடிமண் மேலே வந்த வருடம்
மூன்றாம் இடம், பபேந்திர.
இது நான்காவது. இப்போது இருப்பவரை உங்களுக்குத் தெரியும்,
முட்டி வலி, படிவத்தில் கைரேகை அவருடையதே.

எண்ணிப் பாருங்கள், ஒன்பது கோடும் சரியாக நிரம்பிவிட்டது.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
எறும்பு எழுத்தில் ஒரு பெயர் நுழைந்திருக்கும்.
பிழை என்று உங்கள் குமாஸ்தா அடிக்க வேண்டாம்.
அடித்துப் பார்த்தாயிற்று.

கடைசிக் கட்டம், தற்போதைய எல்லை.
கிழக்கே பள்ளிக்கூடம். மேற்கே கடுகு வயல்.
வடக்கே மண் அணை, உங்கள் துறை கட்டியது, பாதி.
தெற்கே லுயித், இருபத்தாறு முழம்.
செவ்வாய்க்கிழமை இருபத்தொன்பது இருந்தது.

எல்லாவற்றையும் மையில் நிரப்பச் சொல்லியிருக்கிறீர்கள்.
நிரப்பியிருக்கிறேன்.
தெற்கை மட்டும் பென்சிலில்.

இப்படிக்கு,
ஹேமகாந்த முக்தியார், மடத்துக் கணக்கு.