ஆள் எடுத்த நாள்

ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள்
தீபாவளிக்கு ஆள் எடுத்தோம்.
காரைக்குடி, செக்காலை ரோட்டுக் கடையின் மூன்றாம் மாடி.
பிரிக்காத சேலைக் கட்டுகளுக்கு நடுவே
ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
மூன்றாவதைத் தூக்கிவந்த பையனைத்
திருப்பி அனுப்பினார் மேனேஜர் சாத்தப்பன்.
நிற்கத் தெரிகிறதா என்று பார்க்கத்தானே
கூப்பிட்டிருக்கிறோம்.

ஒன்பது இடம். அறுபத்திரண்டு பேர்.
கண்டனூர், பள்ளத்தூர், புதுவயல் பஸ்களில்
சான்றிதழை நெஞ்சோடு அணைத்து வந்திருந்தார்கள்.
அதை அவர் பிரிக்கவே இல்லை.
மேல்தட்டுப் பெட்டியை எடுக்கச் சொன்னார்:
எக்கினால் குள்ளம்.
கல்யாணம் ஆயிருச்சா என்றார்:
ஆகியிருந்தால் பிள்ளை, ஆகாவிட்டால் கல்யாணம்,
இரண்டுக்கும் ஒரே சுழிதான் போட்டேன்.
யார் சொல்லி வந்தே என்றார்:
அதற்குப் பதில் வைத்திருந்தவர்களுக்குப்
பெட்டி எட்டாவிட்டாலும் பரவாயில்லை.

நான் கேஷியர்.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்று
குறிப்பெழுத உட்காரவைத்திருந்தார்கள்.
பதினோரு வருடத்துக்கு முன்
நானும் ஒரு பெட்டியை எடுத்தேன். எக்காமல்.

முப்பத்தெட்டாவதாக மித்திராவயல் கொப்பாத்தாள்.
பேட்ஜில் பிரியா என்று போட்டுக்கலாம் என்றார்.
"சம்பளம் எந்தப் பேர்ல சார்?"
நக்கல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.
கடை அடைக்க ஒன்பதரை ஆகும் என்றார்.
"கடைசி பஸ் ஒன்பதே கால்."
நான் எழுதினேன்: பொருமை இல்லை.

அவள் லேசாகக் குனிந்தாள்.
கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் மூன்று வருடம்;
வீட்டுக்காரர்கள் பக்கம் தாளைத் திருப்பிவைத்து
எதிரே நின்று தலைகீழாய்ப் பிழை பார்த்த கண்.
"அக்கா, பொறுமைக்கு வல்லின ற."

சாத்தப்பன் என் பேனாவைப் பார்த்தார்.
"வாய்" என்றார்.
அதையும் எழுதினேன்.
அதில் பிழை வர வழியில்லை.

எடுத்த ஒன்பதில் இரண்டு பேர்
கால் வீங்கி, விநாயகர் சதுர்த்தியோடு நின்றுவிட்டார்கள்.
பழைய கட்டைப் பார்க்கச் சொன்னார்.
அவள் தாளில் ரு-வை அடித்து று போட்டேன்.
'இல்லை'யின் மேல் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு அந்த நம்பரைக் கூப்பிட்டேன்.

பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.
"ஆடியில முகூர்த்தம் இல்லாம வேலை இல்லக்கா, அதான் வந்தேன்.
இப்ப திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க.
உங்களைவிட முந்நூறு கம்மிதான்.
உக்காந்து பாக்குற வேலை."

என்ன சொல்றா என்றார் சாத்தப்பன்.
நம்பர் தப்பு என்றேன்,
நின்றுகொண்டே.