இருபத்தெட்டாம் நாள்

வாலிநோக்கத்திலிருந்து மூன்று கட்டிகள் வந்தன
ஈரச் சாக்கு சுற்றி, மினிபஸ்ஸில்,
நண்டுக் கூடைக்குப் பக்கத்தில்.
மேலே மெழுகுப் பென்சிலில்:
புயல் காப்பகம், தரைத்தளத் தூண்,
ஊற்றிய தேதி.

எங்கள் ஆய்வுக்கூடம் ராமநாதபுரத்தில்,
டயர்க் கடை மாடியில்.
கான்கிரீட்டை நசுக்கி எண் சொல்வது என் வேலை.
பேர் ரெக்சலின். சம்பளம் பதினாலாயிரம்,
போன மாதத்தது இன்னும் வரவில்லை.

பம்பு உறுமியது. முள் ஏறியது.
முதலில் மூலையில் ஒரு மயிர்க்கோடு,
பிறகு தோள்பட்டை உதிர்ந்தது.
எழுநூற்று ஆறில் உடைந்தது முதல் கட்டி,
மற்ற இரண்டும் அதையொட்டியே.
கேட்ட பலம் இருபத்தைந்து.
வந்தது முப்பத்தொன்று.

முப்பத்தொன்றைப் பார்த்ததும்
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இது பதினெட்டு சதம் கீழே போட்டு எடுத்த வேலை.
குவாரி மூடி மூன்று வாரம்.
எம்-சாண்ட் ராத்திரியில் ஒரு விலை, விடிந்தால் ஒரு விலை.
போர் போட்டால் உப்பு,
டேங்கர் தண்ணீர் வந்தால் வரும்.
இரண்டு பில் கலெக்டர் ஆபீசில் படுத்திருக்கிறது,
கம்பிக் கடைக்காரர் போனை எடுப்பதில்லை.
இத்தனைக்கும் நடுவில் முப்பத்தொன்றா?
கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

சுத்தியல் மானியைப் பைக்குள் போட்டுக்கொண்டு
காலை பஸ் ஏறினேன்.

கடலுக்கு முதுகு காட்டி நின்றது கட்டடம்.
வெளியே துருத்திய கம்பிகளில்
அதற்குள் செம்மண் நிறம்.
தூணில் பன்னிரண்டு இடம் தட்டினேன்.
பதினாறு. பதினெட்டு. பதினாறு.
ஏழாவது இடத்தில் சத்தமே வேறு,
பழுக்காத பலாவைத் தட்டியது போல.

தீனபந்து பெஹரா சாரத்திலிருந்து இறங்கி வந்தான்.
கஞ்சம் ஜில்லாக்காரன்,
தமிழை இந்தச் சாரத்தில் நின்றே கற்றவன்.
"அக்கா, அந்தக் கட்டி வேற மசாலா.
கட்டிக்கு நாலு சட்டி சிமெண்ட்டு.
தூணுக்கு ரெண்டு."
ஏன் சொல்கிறாய், வேலை போகுமே என்றேன்.
"சின்னப் புள்ளையில புயலு வந்துச்சு.
இதுமாதிரி வீட்டுக்குள்ளதான்
ஊரே நின்னுச்சு, மூணு நாளு"
என்று சொல்லிவிட்டு
கரணையைக் கழுவப் போய்விட்டான்.

இபுராம்சா காக்கா நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்.
எனக்கு டீ சொன்னார், தனக்குச் சொல்லவில்லை.
"இடிக்கச் சொன்னா நான் முடிஞ்சேம்மா.
கீழ போடலைன்னா வேலை கிடையாது,
கீழ போட்டா இப்படி.
நீயே சொல்லு, எதுல நிக்கிறது?"
என்னிடம் பதில் இல்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

எழுதினேன்:
கட்டி முப்பத்தொன்று.
தூண் அப்படி இல்லை.
துளையிட்டுக் கோர் எடுத்துப் பார்க்கவும்.
என் கையெழுத்து கொஞ்சம் கோணலாய் விழுந்தது.

நாலு தூண் இடித்தார்கள். எட்டில் நாலு.
மிச்சம் நாலைப் பற்றி
உதவிப் பொறியாளர் ஒரு கமிட்டி கேட்டிருக்கிறார்.
தீனபந்து இப்போது தூத்துக்குடியில்,
தானாகப் போனானா, அனுப்பினார்களா, தெரியாது.

நேற்று பேப்பரில் புது டெண்டர்:
கரையோரம் இன்னும் பதினோரு காப்பகம்,
ஒரு இறங்குதளம், தடுப்புச் சுவர்.
இபுராம்சா காக்கா மாடிப்படி ஏறி வந்தார், மூச்சு வாங்க.
கையில் தண்ணீர் பாட்டில்.
"புதுக் கிணறு. பாத்துச் சொல்லும்மா.
இந்தத் தடவை மொதல்ல தண்ணி,
அப்புறந்தான் ரேட்டு."
யாரும் அவரைக் கேட்கவில்லை.

வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன்.
இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
லேசாகக் கலங்கியது.
தயிராகத் திரளவில்லை,
இன்னும்.