கொம்பு முன்னே நிற்கும் எழுத்து

பெஸ்தாரி ஜெயா என்று பலகை மாற்றிப்
பல வருடம் ஆகிறது.
பஸ்காரர் இன்றும்
பத்தாங் பெர்ஜுந்தை என்றே கூவுகிறார்.
யாரும் பலகையைப் படிப்பதில்லை,
மனப்பாடத்தைப் படிக்கிறோம்.

சனிக்கிழமை. பள்ளி மண்டபம்.
நாசி லெமாக் பொட்டலத்தின் சம்பல் எண்ணெய்
பயிற்சித்தாளில் ஊறிவிட்டது.
இருபத்து மூன்று ஆசிரியர்கள்,
பாதிப் பேர் கைப்பேசியில்.
பயிற்சி தர வந்த திலகேஸ்வரி
பலகையில் ஒரே ஓர் எழுத்தை எழுதினார்:
கொ.

"முதலில் காதில் விழுவது எது?"
க் என்றோம்.
"முதலில் கண்ணில் படுவது?"

மின்விசிறி மட்டும் பேசியது.

கொம்பு முன்னால். கால் பின்னால்.
நடுவில் மாட்டிக்கொண்ட ககரம்.
பதினான்கு வருடமாக எழுதுகிறேன் இந்த எழுத்தை,
ஒருநாளும் பார்த்ததில்லை.

துர்கேஷ் பார்த்திருக்கிறான்.
'கொடி' வரும்போதெல்லாம் நின்றுவிடுவான்
வாய் திறந்தபடி,
எதை முதலில் சொல்வதென்று தெரியாமல்.
பிறகு படத்தைப் பார்த்து "பந்தல்" என்பான்.
வகுப்பு சிரிக்கும். ஒருமுறை நானும்.
அவன் குறிப்பேட்டில் என் சிவப்பு மை:
கவனம் போதாது.
மூன்று தவணை, ஒரே வரி.

"ஊகிக்கச் சொல்லாதீர்கள்" என்றார் திலகேஸ்வரி.
"ஒலியைப் பிரித்துக் காட்டுங்கள், பிறகு அவர்களே சேர்க்கட்டும்.
நாளுக்குப் பத்து நிமிடம். கணக்கு வையுங்கள்."
"அந்தப் பத்து நிமிஷம் எங்கே இருக்கு?"
பின்வரிசையில் சிங்காரவேலு சார்.
நியாயமான கேள்விதான்.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று கடந்துபோனதில்
பதில் எங்கள் வரிசைக்கு வரவில்லை.

திங்கள், ஓய்வு வேளை.
நான்கு போத்தல் மூடிகள், ஒலிக்கு ஒன்றாய்.
பொருளில்லாச் சொற்களின் பட்டியல்,
படமும் இல்லை, ஊகிக்க வழியும் இல்லை.
'தொமு.'
அவன் விரல் ஒரு மூடியைத் தள்ளியது. த்.
இன்னொன்று. ஒ.
நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
"தொ... மு.
தொமு.
அப்படி ஒரு சொல்லே கிடையாது டீச்சர்!"

கிடையாதுதான்.

நிமிடத்துக்கு ஒன்பது சொல்.
குறித்துவைத்தேன், நீல மையில்.

அன்று மாலை பெட்ரோல் நிலையத்தில்
பழைய மாணவன் ரூபேந்திரன்
ரசீதை நீட்டி, "சரியான்னு பாத்துக்குங்க டீச்சர்" என்றான்.
அவன் பார்க்கவில்லை.
இவன் குறிப்பேட்டில் எத்தனை தவணை எழுதினேன்,
எந்த வரியை?