முப்பத்தோராவது கை

அன்றைக்கு வற்றம் காலை ஐந்தே காலுக்கு.
முழங்காலளவு நீரில்
வாரியும் வாளியுமாக நின்றோம்.
காலிசியாவின் மழைக்கு நேரங்காலம் கிடையாது.
எங்களோடு வேலைக்கு வரும்,
எங்களோடு வீடு திரும்பும்.

மட்டிக்கு அளவு உண்டு.
இடுப்பில் தொங்கும் பித்தளை வளையத்துக்குள்
நுழைந்துவிட்டால் அது குழந்தை,
சேற்றுக்கே திருப்பித் தரவேண்டும்.
நுழையாவிட்டால் கிலோ பதினான்கு யூரோ.

தொரிந்தா தடைக்காலத்தில் இறங்கினாள்.
மூன்று இரவுகள். பதினொரு கிலோ. பாதிக்குமேல் குழந்தைகள்.
மருந்துக்காக என்றால் சங்கம் கொஞ்சம் இளகியிருக்கும்.
அவள் இறங்கியது முன்பற்கள் இரண்டுக்காக.
சந்தியாகோவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக்கு
ஆள் எடுக்கிறார்களாம்,
சிரிக்கக் கூடிய ஆள்.

ஏலக்கூடத்தில்தான் கூட்டம்.
ஈரக் காலணிகள் வாசலில்; தரையெல்லாம் மீன்செதிள்.
தலைவி எர்மித்தாஸ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
விதியை வாசித்தாள், கடைசிப் புள்ளிவரை.
"நீக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்."

முப்பது கைகள்.
உப்பு பிளந்த கைகள்,
மோதிரம் சதைக்குள் புதைந்துபோன கைகள்,
கையுறை கழற்ற மறந்த ஒரு கை.
பதினேழு போதும் என்று விதியிலேயே இருக்கிறது.
என் கை மடியில் கிடந்தது.

யாரும் மிரட்டவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும்.
காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.
ஒருத்தி இருமினாள்.
எர்மித்தாஸ் மெதுவாக, பரிவோடுதான், கேட்டாள்:
"ஓப்தூலியா, தோள்வலி இன்னும் விடலையா?"

விடவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
அவளே கொண்டுவந்து கொடுத்த பொய்,
எடுத்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி.
"இல்லை, சரியாகிவிட்டது" என்றேன்.
தூக்கினேன்.

ஐந்து வருடம் ஆகிறது.
பக்கத்துக் குடாவில் ஆளுக்குக் கொஞ்சம் என்று அள்ளி
இப்போது வெறும் சேறு, பாட்டில் மூடிகள்.
எங்கள் குடாவில் வாளி நிறைகிறது.
விதி சரி. தீர்ப்பு சரி.
என்னை யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்,
சொல்லியும் இருக்கிறேன், கேட்காதவர்களிடம்கூட.

ஆனால் அந்த முப்பது கைகளே
கடலைக் காப்பாற்றி முடித்திருந்தன.
முப்பத்தொன்றாவது
எதைக் காப்பாற்ற எழுந்தது?

இன்னொன்றும் இருக்கிறது.
அந்த மூன்று இரவுகளில் இரண்டாவதன் மறுநாள்
நான் காய்ச்சலில் கிடந்தேன்.
தொரிந்தா ஒரு சட்டியில் மட்டிச்சோறு கொண்டுவந்து வைத்தாள்.
ஓடுகளைப் பார்த்தேன்.
வளையம் தேவைப்படவில்லை, என் சுண்டுவிரல் நகம் போதும் அளக்க.
தெரிந்துதான் தின்றேன்.
அடிச்சட்டியைச் சுரண்டித் தின்றேன்.
ஓடுகளை இருட்டியபின் கீரைப்பாத்தியில் புதைத்தேன்.

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள்.
அன்று கூடத்தில் எனக்கு முன்னால்
ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர் இருந்தது.
தொடவே இல்லை.
அவளும் என்னைப் பார்க்கவில்லை.
"ஓப்தூலியாவும் தின்றாள்" என்று சொல்ல
அவளுக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது.

எழுந்து சொல்லியிருந்தால்?
என் உரிமமும் போயிருக்கும்,
வீட்டுக்கடன் பாதியில் நின்றிருக்கும்,
கடலுக்கு அதனால் ஒரு மட்டிகூடக் கூடியிருக்காது.
இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டுவிட்டேன்.
விடை ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாகவே வருகிறது.
அதனால்தான் மறுபடியும் போடுகிறேன்.

போன மாதம் சந்தியாகோவில், பேருந்து நிறுத்தத்தில்,
சீருடையில் தொரிந்தா.
"மட்டி எப்படி இருக்கு?"
"பெரிசா இருக்கு," என்றேன்.
சிரித்தாள். முன்பற்கள் இரண்டும்
மற்றவற்றைவிட ஒரு பிடி அதிக வெள்ளை.
மன்னித்த சிரிப்பா,
மேசைக்குப் பின்னால் தினம் எட்டுமணி நேரம் பழகியதா,
எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

என் பேருந்து வந்தது.
அது நிற்க யாராவது கை காட்ட வேண்டும்.
என் இரு கைகளும் பைகளைப் பிடித்திருந்தன.
அவள்தான் காட்டினாள்.